வீட்டில் வளர்த்த அவகாடோவைத் தொட்டி மாற்றுதலும் பராமரித்தலும்: முழுமையான வழிகாட்டி

வீட்டில் விதை போட்டு வளர்க்கும் அவகாடோ கன்றுகள் முளைக்கும்போது அவ்வளவாகச் சாவதில்லை. நன்றாக முளைத்து, நான்கைந்து இலை விட்டு, உயரமாக எழுந்த பிறகு, பெரிய தொட்டிக்கு மாற்றிய முதல் மாதத்தில்தான் அதிகமாகச் சாகின்றன. இதற்குக் காரணம் அவகாடோவின் வேர் அமைப்பு. உணவெடுக்கும் வேர்கள் ஆழமாக இறங்காமல் மண்ணின் மேல் 15 முதல் 20 செ.மீ. பகுதியிலேயே பரவுகின்றன, பிற செடிகளின் வேர் நுனியில் அடர்ந்திருக்கும் மெல்லிய வேர்த்தூவிகள் இதில் மிகக் குறைவு. ஆகவே ஒடிந்த வேர் நுனிகளை ஈடுகட்ட இந்தக் கன்றுக்கு நெடுநாள் ஆகிறது. மேலும், இந்த வேருக்குக் காற்று மிகுதியாக வேண்டும். நீர் தேங்கிய மண்ணில் அது மூச்சடைத்து அழுகிவிடும்.

வேரைக் கலைக்காமல் மாற்றுவதும், மாற்றிய இடத்தில் வேருக்குக் காற்று கிடைக்கச் செய்வதுமே கீழே உள்ள படிகள் அனைத்தின் நோக்கம். தமிழ்நாட்டுச் சமவெளியில் மாடியிலோ முற்றத்திலோ தொட்டியில் வளர்ப்பவர்களை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன்.

1. மாற்ற வேண்டிய நிலைதானா என்று பார்த்தல்

தொட்டியின் அடித்துளைகள் வழியாக வேர் எட்டிப் பார்த்தாலோ, ஊற்றிய தண்ணீர் மண்ணில் நிற்காமல் ஓரமாக வழிந்து உடனே கீழே வந்துவிட்டாலோ, காலையில் நீர் ஊற்றியும் நண்பகலுக்குள் இலைகள் துவண்டு மாலையில் மீண்டும் நிமிர்ந்தாலோ, வேர் தொட்டியை நிரப்பிவிட்டது என்று கொள்ளலாம். இவற்றில் ஒன்றாவது தெரியும் வரை காத்திருப்பது நல்லது. ஏனெனில் வேர் நிறையாத மண்ணைத் தொட்டியிலிருந்து எடுத்தால் அது கட்டியாக வராமல் உதிர்ந்துவிடும். அப்போது வேரும் சேர்ந்து ஒடியும்.

இலை நுனி பழுப்பாகக் கருகுவதைக் கண்டதும் தொட்டி சிறியதாகிவிட்டது என்று எண்ணி மாற்றிவிடுவதே புதியவர்களிடம் நான் மிகுதியாகக் காணும் பிழை. நுனி கருகுவது பெரும்பாலும் மண்ணில் சேர்ந்த உப்பின் அடையாளம். அதற்குரிய மருந்து 9ஆம் பகுதியில் இருக்கிறது. நலமில்லாத கன்றை அந்த நிலையிலேயே இடம் மாற்றினால் இரண்டு சுமைகள் ஒருசேர அதன் மேல் விழுகின்றன.

கண்ணாடிக் குவளை நீரில் முளைக்க வைத்த விதைக்குக் கணக்கு வேறு. தண்டு ஏறத்தாழ 15 செ.மீ. உயர்ந்து, வேர் 5 முதல் 8 செ.மீ. நீண்டதும் மண்ணுக்கு மாற்றிவிட வேண்டும். நீரில் வளர்ந்த வேர் நீளமாகும் அளவுக்கு எளிதில் ஒடிவதாகிவிடுவதால் குவளையிலேயே மாதக்கணக்கில் விட்டுவைப்பதில் பயன் இல்லை.

2. மாதமும் நேரமும்

சமவெளியில் இரண்டு காலங்கள் ஏற்றவை. ஒன்று, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த ஜனவரி நடுப்பகுதி முதல் பிப்ரவரி வரை. மற்றொன்று, கோடையின் கடுமை தணிந்த ஜூலை, ஆகஸ்டு. இரண்டிலும் புதிய வேர் ஓடுவதற்கு மிதமான சூடு இருக்கிறது, அடுத்து வரும் கடும் வெயிலுக்கோ அடைமழைக்கோ முன்னால் ஒரு மாதத்திற்கு மேல் இடைவெளியும் கிடைக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் மாற்றினால் வேர் தருவதைவிட இலை இழக்கும் நீர் மிகுதியாகும். அக்டோபர், நவம்பரில் மாற்றினால் வேர் பிடிக்காத புது மண் நாள்கணக்கில் ஈரமாகவே கிடக்கும்.

மாதம் சரியாக இருந்தாலும், கன்று இளஞ்சிவப்பான தளிர் விட்டுக்கொண்டிருந்தால் அந்த இலைகள் பச்சையாகி விறைக்கும் வரை பொறுக்க வேண்டும். தளிர் விடும்போது வேரின் முழு உழைப்பும் மேலே போய்க்கொண்டிருக்கும். நாளின் நேரம் மாலை 5 மணிக்கு மேல்; ஓர் இரவு முழுவதும் வெயில் படாமல் கன்றுக்கு ஓய்வு கிடைக்கும்.

3. தொட்டியைத் தேர்ந்தெடுத்தல்

பழைய தொட்டியைவிடச் சுற்றிலும் 5 செ.மீ. மட்டுமே அகலமான தொட்டி போதும். குவளையிலிருந்து வரும் கன்றுக்கு 8 அல்லது 10 அங்குலத் தொட்டி, அடுத்து 12 முதல் 14 அங்குலம், அதற்கடுத்து 18 அங்குலம் என்று படிப்படியாகச் செல்ல வேண்டும். "அடிக்கடி மாற்றுவானேன், ஒரேயடியாகப் பெரிய டிரம்மில் வைத்துவிடலாமே" என்று பலரும் கேட்கிறார்கள். வேர் எட்டாத மண்ணில் உள்ள நீரை உறிஞ்ச ஆள் இல்லை. அந்த நீர் அங்கேயே நின்று, மண் புளித்து, பைட்டோப்தோரா என்னும் வேரழுகல் நோய்க்கு இடம் கொடுக்கிறது. உலகெங்கும் அவகாடோத் தோட்டங்களில் மரங்களைக் கொல்லும் முதன்மையான நோய்களில் ஒன்று இது.

அடியில் குறைந்தது ஐந்தாறு துளைகள், ஒவ்வொன்றும் விரல் நுழையும் அளவில் இருக்க வேண்டும். துளையின் மேல் ஒரு துண்டு கொசுவலை விரித்தால் போதும். ஓட்டுத் துண்டுகளையோ ஜல்லியையோ அடியில் நிரப்புவது நம்மிடம் நெடுங்காலமாக உள்ள வழக்கம். ஆனால் நுண்ணிய மண்ணிலிருந்து பெருங்கற்களுக்குள் நீர் எளிதில் இறங்குவதில்லை. மேலே உள்ள மண் முழுவதும் நனைந்து நிறைந்த பிறகே கீழே சொட்டும். அதனால் ஜல்லி போட்ட உயரத்திற்கு, ஈரம் தேங்கும் பகுதி வேருக்கு அருகில் வந்துவிடுகிறது. வடிகால் வேண்டுமானால் அதைக் கலவையிலேயே அமைக்க வேண்டும்.

மண்தொட்டி பக்கவாட்டிலும் மூச்சு விடுவதால் அவகாடோவுக்கு மிகவும் ஏற்றது. கறுப்பு நிற வளர்ப்புப் பைகளும் பிளாஸ்டிக் தொட்டிகளும் மாடி வெயிலில் கடுமையாகச் சூடேறி, சுவரை ஒட்டிய வேர்களை வேகவைத்துவிடும். அவற்றைத்தான் பயன்படுத்துவதென்றால் வெளியே பழைய சாக்கைச் சுற்றிக் கட்டிவிடுங்கள்.

4. மண் கலவை

கன்றை எடுப்பதற்கு முன்பே கலவை அணியமாக இருக்க வேண்டும். வேரைக் காற்றில் வைத்துவிட்டு மண் சலிக்க உட்காருவது கூடாது.

நான் பரிந்துரைக்கும் அளவு: செம்மண் இரண்டு பங்கு, கழுவிய தேங்காய் நார்த்தூள் இரண்டு பங்கு, பருமணல் அல்லது பெர்லைட் (பொரித்த, எடை குறைந்த வெண்கல் துகள்) ஒரு பங்கு, நன்கு மக்கிய இலை உரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு. பத்து அங்குலத் தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு சேர்த்துக்கொள்ளலாம். டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை செய்யும் பூஞ்சை கிடைத்தால் அதை மண்புழு உரத்தில் கலந்து, லேசாக ஈரப்படுத்தி, நிழலில் ஒரு வாரம் மூடி வைத்துப் பிறகு சேர்த்தால் அழுகல் பூஞ்சைகளுக்கு எதிரான காவலாக நிற்கும்.

நார்த்தூளைக் கழுவுவதைத் தவிர்க்காதீர்கள். தேங்காய் மட்டையில் இயல்பாகவே உப்பு உண்டு; அவகாடோவோ உப்பைச் சிறிதும் தாங்காத பயிர். கட்டியை நீரில் ஊறவைத்து, பிழிந்து, நீரை மாற்றி, மூன்று முறையாவது இப்படிச் செய்ய வேண்டும். ஆற்று மணலுக்குப் பதிலாக எம்-சாண்ட் பயன்படுத்துவோர் அதில் உள்ள நுண்தூள் போகும்வரை கழுவ வேண்டும். அந்தத் தூள் காற்று இடைவெளிகளைச் சிமெண்டு போல அடைத்துவிடும். களிமண், கரிசல் மண், சுண்ணாம்புக் கற்கள் தெரியும் மண் ஆகியவற்றை ஒதுக்கிவிடுங்கள். சாம்பலும் வேண்டாம். சற்றே அமிலத் தன்மையுள்ள, பி.எச். 5.5 முதல் 6.5 வரையிலான மண்ணை அவகாடோ விரும்புகிறது. சாம்பல் அதைக் காரத்தின் பக்கம் தள்ளும்.

கலவை சரிதானா என்று அறிய, காலித் தொட்டியில் அதை நிரப்பி நனைத்து, பிறகு ஒரு லிட்டர் நீரை ஊற்றிப் பாருங்கள். மேலே தேங்கிய நீர் ஒரு நிமிடத்திற்குள் இறங்க வேண்டும். இறங்கவில்லையானால் மணலையும் நார்த்தூளையும் கூட்டுங்கள்.

5. முந்தைய நாள்

மாற்றுவதற்கு முந்தைய மாலை பழைய தொட்டிக்கு நன்றாக நீர் ஊற்ற வேண்டும். வேர் நீர் நிறைந்து விறைப்பாக இருப்பதோடு, மண்ணும் உதிராமல் கட்டியாக வரும். மாற்றும் நாளிலேயே ஊற்றினால் சேறாகிக் கட்டி உடையும். காய்ந்த மண்ணை எடுத்தால் பொடிப்பொடியாக உதிரும். கத்தரியையும் பிளேடையும் கொதிநீரிலோ சானிடைசரிலோ துடைத்து வையுங்கள். நட்ட பிறகு தொட்டி நிற்கப்போகும் நிழலான இடத்தையும் அன்றே ஒதுக்கி, தொட்டியின் அடித்துளைகள் அடைபடாதபடி அதைத் தூக்கி நிறுத்த அங்கே மூன்று செங்கற்களைப் பரப்பிவிடுங்கள்.

6. கன்றை வெளியே எடுத்தல்

தண்டைப் பிடித்து இழுக்கவே கூடாது. தொட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து, உள்ளங்கையால் சுற்றிலும் தட்டி, அடித்துளை வழியாகக் குச்சியால் மெல்லத் தள்ளினால் மண்கட்டி நழுவி வரும். வளர்ப்புப் பையாக இருந்தால் பையைக் கிழித்துவிடுங்கள். பத்து ரூபாய்ப் பையைக் காப்பாற்றப்போய் வேரை இழக்க வேண்டாம்.

வெளியே வந்த வேரைக் கவனியுங்கள். வெண்மையாகவோ இளமஞ்சளாகவோ உறுதியாக இருந்தால் நலம். மற்றச் செடிகளுக்குச் செய்வதுபோல வேரை விரலால் கோதிப் பிரிக்க வேண்டாம், பழைய மண்ணை உதறவும் கழுவவும் வேண்டாம். அடியில் வட்டமாகச் சுற்றிக்கொண்ட தடித்த வேர் இருந்தால் அதை மட்டும் கூர்மையான பிளேடால் ஓரிடத்தில் வெட்டிவிடுங்கள். விட்டுவைத்தால் பின்னாளில் அதுவே மற்ற வேர்களை நெரிக்கும்.

வேர் கறுத்து, தொட்டால் நொறுங்கினால், அது அழுகல். அத்தகைய வேர்களை நலமான பகுதி தெரியும் வரை வெட்டி நீக்கி, மேலே இலைகளில் மூன்றில் ஒரு பங்கையும் குறைத்து, முன்பிருந்த அளவுத் தொட்டியிலேயே, தேவையானால் அதைவிடச் சிறியதிலேயே, புதிய கலவையில் வைக்க வேண்டும். பழைய மண்ணை வேறு எந்தத் தொட்டியிலும் கொட்டாதீர்கள்.

தண்டின் அடியில் விதை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தால் அதைப் பிய்த்தெடுக்கக் கூடாது. அதன் இரு பருப்புகளிலும் உள்ள உணவு தீர்ந்ததும் தானே சுருங்கி உதிரும்.

7. நடுதல்

புதிய தொட்டியில் முதலில் அடி மண்ணை இட்டு, கன்றை அதன் மேல் வைத்து, பழைய மண்ணின் மேல்மட்டம் தொட்டி விளிம்புக்கு 4 செ.மீ. கீழே நிற்குமாறு உயரத்தைச் சரிசெய்யுங்கள். பிறகு சுற்றிலும் கலவையை நிரப்புங்கள். கன்று முன்பு எந்த ஆழத்தில் இருந்ததோ அதே ஆழம்தான். உயரமாக வளர்ந்து சாய்கிறதே என்று தண்டைப் புதைப்பவர்கள் இருக்கிறார்கள். தண்டும் வேரும் சேரும் கழுத்துப் பகுதி ஈர மண்ணுக்குள் போனால் பட்டை அழுகும். சாய்வைத் தடுக்க ஒரு மூங்கில் குச்சியை மண்கட்டிக்கு வெளியே ஊன்றி, துணி நாடாவால் எட்டு வடிவில் தளர்வாகக் கட்டினால் போதும்.

குவளையிலிருந்து வரும் விதையானால், வேர் மண்ணுக்குள்ளும் விதையின் மேல்பாதி வெளியிலும் இருக்க வேண்டும்.

மண்ணைக் கட்டைவிரலால் அழுத்தி இறுக்கக் கூடாது. தொட்டியை இரண்டு முறை தரையில் மெல்லத் தட்டி, பூவாளியால் நீர் ஊற்றினால் மண் தானாகவே வேரை அணைத்துக்கொள்ளும். அடியில் நீர் வடியும் வரை ஊற்றுங்கள். மண் இறங்கிய இடத்தில் மட்டும் கொஞ்சம் கலவை சேருங்கள்.

8. முதல் மூன்று வாரங்கள்

வெளிச்சம் உண்டு, நேரடி வெயில் இல்லை என்னும் இடமே இப்போது தேவை. 50 சதவீத நிழல்வலையின் கீழ், அல்லது கிழக்கு பார்த்த பால்கனியின் உட்புறம் பொருத்தமானது. பலத்த காற்று அடிக்கும் மாடி மூலை ஆகாது.

இரண்டாம், மூன்றாம் நாளில் இலைகள் தொங்கக்கூடும். இந்த இடத்தில்தான் பலர் கன்றை இழக்கிறார்கள்: துவண்டதைக் கண்டு நீர் ஊற்றுகிறார்கள், நிமிரவில்லை என்று மீண்டும் ஊற்றுகிறார்கள், ஊட்டம் போதவில்லையோ என்று உரமும் இடுகிறார்கள். விரலை மண்ணுக்குள் 4 செ.மீ. விட்டுப் பாருங்கள். ஈரமிருந்தால் நீர் வேண்டாம். இலையின் மேல் காலையும் மாலையும் நீரைத் தெளித்தால் போதும். நுனியில் புதிய மொட்டு விரியும் வரை எந்த உரமும் கூடாது, ஏனெனில் காயம்பட்ட வேர் நுனிக்கு உரத்தின் உப்பு கொல்லியாகும்.

குவளை நீரில் வளர்ந்த கன்றுக்கு மட்டும் முதல் இரண்டு வாரம் மண் சற்றுக் கூடுதல் ஈரத்தோடு இருக்கட்டும். நீரில் பழகிய வேர் சட்டென உலர்ந்த மண்ணைத் தாங்காது.

மூன்று வாரம் கழிந்தபின் நாளுக்கு ஒரு மணி நேரம் காலை வெயில் காட்டத் தொடங்கி, வாரந்தோறும் நீட்டிக்கொண்டே செல்லுங்கள்.

9. தண்ணீர்: அளவும் தரமும்

இத்தனை நாளுக்கு ஒருமுறை என்று அட்டவணை போட்டு ஊற்றுவதை விட்டுவிடுங்கள். மேல் மண் 4 செ.மீ. ஆழம் வரை உலர்ந்ததும், அடியில் வடியும் வரை முழுமையாக ஊற்றி, அடுத்த முறை உலரும் வரை நிறுத்துங்கள். தினமும் ஒரு குவளை என்று சிறிதளவாக ஊற்றினால் மேல்பகுதி மட்டும் நசநசத்து, அடி காய்ந்து, உப்பும் வெளியேறாமல் தங்கிவிடும். தட்டில் வடிந்த நீரை உடனே கொட்டிவிட வேண்டும்.

தரத்தைப் பற்றிச் சொல்லவேண்டியது இதைவிட மிகுதி. நம் நகரங்களின் ஆழ்துளைக் கிணற்று நீர் பெரும்பாலும் கடினநீர். அதில் உள்ள குளோரைடும் சோடியமும் ஊற்ற ஊற்ற மண்ணில் சேர்வதால், இலை நுனியில் பழுப்பாகத் தொடங்கி ஓரம் வழியாகப் பின்னோக்கிக் கருகும். ஆர்.ஓ. கருவி கழித்துவிடும் நீர் வீணாகிறதே என்று செடிக்கு ஊற்றுகிறார்கள். உப்பு செறிந்த அந்த நீர் வேறு எதற்கு ஆனாலும் அவகாடோவுக்கு ஆகாது. மழைநீர் மிகச் சிறந்தது. ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரில் உப்பு இல்லாததால் அதைப் பிடித்துவைத்துக் கிணற்று நீரோடு கலந்துகொள்ளலாம்.

கிணற்று நீரே கதி என்பவர்கள் இரண்டு மாதத்திற்கு ஒருமுறை உப்பை வடித்துவிட வேண்டும். தொட்டியின் கொள்ளளவைப் போல இரு மடங்கு நல்ல நீரை, மெதுவாக, இடைவெளி விட்டு ஊற்றி, முழுவதும் அடியில் வடியச் செய்யுங்கள். வடகிழக்குப் பருவமழை இந்த வேலையைத் தானே செய்துவிடும், துளைகள் அடைபடாமல் தொட்டி செங்கல் மேல் நிற்கிறது என்றால். தொடர்ந்து பெய்யும் நாள்களில் தொட்டியைச் சற்றே சாய்த்து வைப்பதும் உதவும்.

மண்ணின் மேல் காய்ந்த இலை, தேங்காய் மட்டைத் துண்டு என எதையாவது 5 செ.மீ. கனத்திற்குப் பரப்புங்கள். வேர் மேல்மட்டத்தில் இருப்பதால் இந்த மூடாக்கு மற்றச் செடிகளைவிட அவகாடோவுக்கு இன்றியமையாதது. தண்டைச் சுற்றி நான்கு விரல் அகலம் மட்டும் மூடாமல் விடுங்கள்.

10. உரம்

வளரும் காலத்தில் ஆறு வாரத்திற்கு ஒருமுறை இரண்டு கைப்பிடி மண்புழு உரம் போதும். அதை மேலாகத் தூவி மூடாக்கின் கீழ் விடுங்கள். கொத்திக் கிளறினால் மேல்மட்ட வேர் அறுபடும். இரசாயன உரம் இடுவோர் பொட்டாஷுக்கு மியூரியேட் வகையைத் தவிர்த்துச் சல்பேட் வகையை வாங்க வேண்டும். முன்னதில் இருப்பது குளோரைடு. கஞ்சி, உப்புப் போட்டு வேகவைத்த காய் வடித்த நீர் ஆகியவற்றைத் தொட்டிக்குள் ஊற்றாதீர்கள்.

11. நுனி கிள்ளுதலும் வெயில் காப்பும்

கன்று 30 செ.மீ. உயரமானதும் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். வீட்டுக்குள் வளர்ந்தவை கிளையில்லாமல் நெட்டையாகப் போய்ப் பின்பு காற்றில் ஒடிகின்றன. கிள்ளினால் கீழ்க் கணுக்களில் பக்கக் கிளை வரும். ஆனால் தொட்டி மாற்றிய சமயத்திலேயே கிள்ள வேண்டாம். அழுகிய வேரை வெட்டிய கன்று மட்டுமே இதற்கு விலக்கு.

அவகாடோவின் இளம் பட்டை பச்சையாக, மெல்லியதாக இருக்கும். மேற்கு வெயில் நேராகப் பட்டால் வெந்து வெடிக்கும். ஏப்ரல் முதல் ஜூன் வரை நிழல்வலை, அல்லது தண்டில் மட்டும் நீர் கலந்த வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சு அவசியம்.

கிள்ளிய, வெட்டிய இலைகளை ஆட்டுக்குப் போட்டுவிடாதீர்கள். பெர்சின் என்னும் நச்சு அவற்றில் உண்டு. ஆடு, மாடு, குதிரை, முயல், கூண்டுப் பறவைகள் ஆகியவற்றுக்கு அது கேடு.

12. இலையைக் கொண்டு காரணம் அறிதல்

முற்றிய இலைகளின் நுனியும் ஓரமும் கருகினால் உப்பு. இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால், மண் காரமாகி இரும்பு கிடைக்கவில்லை. லிட்டருக்கு 5 கிராம் ஃபெரஸ் சல்பேட்டும் சில சொட்டு எலுமிச்சைச் சாறும் கலந்து மாலையில் தெளித்து, கூடவே நீரின் தரத்தையும் பாருங்கள். இதற்கு எப்சம் உப்பு இடும் வழக்கம் பரவியிருக்கிறது. அது தருவது மக்னீசியம், இரும்பு அன்று.

மண் ஈரமாக இருந்தும் இலைகள் வெளிறி, சிறுத்து, தொங்கிக்கொண்டே இருந்தால் அதுவே ஆபத்தான அடையாளம். நீரை நிறுத்திவிட்டு, காலம் பார்க்காமல் கன்றை வெளியே எடுத்து, 6ஆம் பகுதியில் சொன்னபடி வேரைப் பார்க்க வேண்டும்.

மாவுப்பூச்சி தென்பட்டால் முதலில் எறும்பைத் தடுங்கள், அதைக் கிளைக்குக் கிளை பரப்புவது எறும்பே. பிறகு லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயைச் சில சொட்டுச் சோப்புக் கரைசலோடு கலந்து மாலையில் அடியுங்கள்.

13. கடைசித் தொட்டியும் காய்ப்பும்

முதல் சில ஆண்டுகள் ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற நேரும். 24 அங்குலம் அல்லது 100 லிட்டர் டிரம் என்ற அளவை எட்டியபின் மாற்ற வேண்டியதில்லை. ஆண்டுதோறும் ஜனவரியில் மூடாக்கை விலக்கி, வேர் தெரியும் வரை மட்டும் மேல் மண்ணைக் கையால் அகற்றி, புதிய மண்புழு உரக் கலவையை இட்டு மூடிவிடுங்கள். நனைந்த டிரம் 100 கிலோவைத் தாண்டும் என்பதால் மாடியில் அதைத் தளத்தின் நடுவே வைக்காமல், உத்தரமோ சுவரோ கீழே தாங்கும் இடத்தில் முதலிலேயே வைத்துவிட வேண்டும்.

விதைக் கன்று ஐந்து ஆண்டுக்குள் காய்ப்பது அரிது. பத்து ஆண்டைத் தாண்டுவதும் உண்டு. தாய்ப் பழத்தின் குணமும் அப்படியே வராது. காய் வேண்டும் என்பவர்கள், தண்டு பென்சில் கனத்தை எட்டியதும், காய்க்கும் மரத்துக் குச்சியைக் கொண்டு ஒட்டுக் கட்டலாம். ஒட்டுக் கன்று மூன்று, நான்கு ஆண்டில் பூக்கும். கொடைக்கானல் கீழ்மலையில் தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட டி.கே.டி. 1 போன்ற வகைகள் மலைச்சாரலின் குளிர்ச்சிக்கு உரியவை; சமவெளி வெப்பத்தில் பூ உதிர்வது மிகுதி. ஒட்டுக் கட்டுவதாக இருந்தால், தொட்டி மாற்றிக் குறைந்தது இரண்டு மாதம் கழித்து, கன்று ஒருமுறை புதிதாகத் தளிர் விட்டு அந்த இலைகள் முற்றிய பிறகே கத்தியை எடுக்க வேண்டும்.